எந்த போன், எந்த சிம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு 5ஜி போன் வாங்க விரும்புகிறேன். பல ஆண்டுகளாக ஏர்டெல் எண்ணையே வைத்திருக்கிறேன். கடைக்காரர் ரெட்மி ஏ4 5ஜி போனைக் காட்டி, எந்த சிம் போட்டாலும் 5ஜி கிடைக்கும் என்கிறார். நம்பி வாங்கலாமா? (வாசகர், தேனி மாவட்டம்)

பதில்: ஏர்டெல் எண்ணை விடும் எண்ணம் இல்லையென்றால் அந்த போனை வாங்க வேண்டாம். பெட்டியில் 5ஜி என்று அச்சிட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் நம் நாட்டில் 5ஜி இரண்டு விதமாகத் தரப்படுகிறது என்பதைப் பெரும்பாலான கடைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 2022 அக்டோபரில் சேவை தொடங்கியபோது ஜியோ, 4ஜியைச் சாராமல் தனித்து இயங்கும் எஸ்ஏ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தது. ஏர்டெல், தன்னிடம் ஏற்கெனவே இருந்த 4ஜி கட்டமைப்பின் துணையோடு இயங்கும் என்எஸ்ஏ முறையில் தொடங்கியது. 2024 நவம்பரில் வந்த ரெட்மி ஏ4 5ஜி, அதற்கு அடுத்த மாதம் வந்த போக்கோ சி75 5ஜி ஆகிய இரண்டிலும் ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப் இருக்கிறது. இரண்டுமே எஸ்ஏ முறையில் மட்டும்தான் 5ஜியைப் பெறும். ஜியோ சிம் போட்டால் 5ஜி வரும். ஏர்டெல் என்எஸ்ஏ முறையில் 5ஜி தரும் இடங்களில் அதே போன் 4ஜியோடு நின்றுவிடும். ஏர்டெல் சில இடங்களில் எஸ்ஏ முறைக்கும் மாறிவருவது உண்மை. ஆனால் உங்கள் ஊருக்கு அது எப்போது வரும் என்ற ஊகத்தை வைத்துப் பணம் போடுவது சரியல்ல. எந்த போனை வாங்கினாலும், நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள விவரக்குறிப்பில் நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்து, எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்: முதலில் சிம்மை முடிவு செய்யுங்கள், போனைப் பிறகு தேடுங்கள். கேமராவின் மெகாபிக்சலை ஒப்பிடுவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, தாம் படுத்துறங்கும் அறையில் சிக்னல் எப்படி இருக்கிறது என்பதில் பலர் காட்டுவதில்லை. 3300 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய என்78 அலைவரிசைதான் நம் 5ஜிக்கு முதன்மையானது. வேகம் மிகுந்தது என்றாலும் கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் வெகுவாக வலுவிழந்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரையும் தூரத்தையும் கடந்து வரக்கூடியது. 2022 ஏலத்தில் அதை வாங்கிய ஒரே தனியார் நிறுவனம் ஜியோ. அதனால் எல்லா வீட்டிலும் ஜியோவே சிறந்தது என்று ஆகிவிடாது. கோபுரம் எங்கே நிற்கிறது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது, அது தெருவுக்குத் தெரு மாறும்.

ஆகவே வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரையோ உறவினரையோ மாலை எட்டு மணி வாக்கில் வீட்டுக்கு அழைத்து, சமையலறையிலும் படுக்கையறையிலும் நின்று ஒரு அழைப்பு பேசச் சொல்லுங்கள், ஒரு ரூபாய் யுபிஐயில் அனுப்பச் சொல்லுங்கள். எண்ணாகவே பார்க்க விரும்பினால், ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் போனைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னலின் வலு டிபிஎம் அளவில் காட்டப்படும். மைனஸ் 90 அளவில் இருந்தால் நன்று. மைனஸ் 110க்கும் கீழே இறங்கினால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும், பேட்டரியும் விரைவில் தீரும். ரீசார்ஜையும் கவனியுங்கள். 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது, வரம்பில்லா 5ஜி என்பது நாளொன்றுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் திட்டங்களுக்கே என்று ஜியோவும் ஏர்டெலும் வரையறுத்தன. நீங்கள் 1.5 ஜிபி திட்டத்தில் தொடர்பவராக இருந்தால், 5ஜி போனுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பெரிய பயன் இல்லை.

கேள்வி: துபாயில் இருக்கும் என் தம்பி ஐபோன் 17 வாங்கி வருவதாகச் சொல்கிறான். வாங்கி வரச் சொல்லலாமா? (வாசகி, இராமநாதபுரம்)

பதில்: சொல்லலாம், ஒரு செய்தியைத் தெரிந்துகொண்ட பிறகு. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் விற்கப்படும் ஐபோன் 17இல் சிம் அட்டை போடும் தட்டே கிடையாது, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் இ-சிம் மட்டும்தான். இந்தியாவில் விற்கப்படும் ஐபோன் 17இல் அட்டையும் போடலாம், இ-சிம்மும் வைக்கலாம். ஜியோ, ஏர்டெல், வி மூன்றுமே இ-சிம் தருகின்றன என்பதால் பயன்படுத்த முடியாமல் போகாது. ஆனால் போன் கீழே விழுந்து திரை உடைந்தால், அட்டையைக் கழற்றி வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட்டுப் பேசும் வசதி உங்களுக்கு இருக்காது. சிம்மை மாற்றி எடுக்கும்போது, மோசடியைத் தடுப்பதற்காக முதல் 24 மணி நேரம் அந்த எண்ணில் எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த ஒரு நாளில் வங்கியின் ஓடிபி வராது. ஒரே எண்ணில் வங்கிக் கணக்கு முழுவதையும் நடத்துகிறவர்கள், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் இங்கேயே வாங்குவது நிம்மதி என்பது என் கருத்து. தம்பி வாங்கியே ஆகிறார் என்றால், கடை ரசீதைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐந்தாறு ஆண்டுகள் வைத்துக்கொள்ளச் சாம்சங், பிக்சல், ஐபோன் இவற்றில் எது மேல்? (வாசகர், ஈரோடு)

பதில்: மென்பொருள் புதுப்பிப்பைப் பொறுத்தவரை இன்று மூன்றும் ஏறத்தாழ ஒரே தட்டில் நிற்கின்றன. 2023 அக்டோபரில் பிக்சல் 8க்கு ஏழு ஆண்டுகள் என்று கூகுள் அறிவித்தது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24க்கு அதே ஏழு ஆண்டுகளைச் சாம்சங் அறிவித்தது. 2019இல் வந்த ஐபோன் 11, 2025இல் வந்த ஐஓஎஸ் 26ஐ ஏற்கிறது. எனவே மற்றவற்றைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். பிக்சலின் கேமரா எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் 2021இன் பிக்சல் 6 முதல் கூகுள், சிக்னலை வாங்கித் தரும் பாகமான மோடத்தில் சாம்சங்குக்கு மாறியது. சிக்னல் வலுக்குறைந்த இடங்களில் அந்த போன்கள் மற்றவற்றைவிடத் தடுமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நகரத்துக்குள்ளேயே இருப்பவருக்கு அது குறையாகத் தெரியாது; வயல்வெளியிலும் மலையடிவாரத்திலும் புழங்குகிறவருக்குத் தெரியும். ஈரோட்டில் இருக்கும் உங்களுக்கு நான் சாம்சங்கைச் சொல்வேன். ஐந்து ஆண்டுகளில் ஒரு முறையாவது பேட்டரி மாற்ற வேண்டிவரும், அதற்கு அலைச்சல் இல்லாமல் உள்ளூரிலேயே சேவை மையம் இருப்பது பெரிய வசதி.

கேள்வி: கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மா பட்டன் போனில் பேச மட்டுமே செய்கிறார். சிக்னல் சரியில்லை. பிஎஸ்என்எல்லுக்கு மாற்றலாமா? (வாசகர், கள்ளக்குறிச்சி)

பதில்: ஊரில் பிஎஸ்என்எல் நன்றாக எடுக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த அதன் 4ஜி 2025 செப்டம்பரில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது என்றாலும், ஊருக்கு ஊர் நிலைமை வேறு. மாறாமலே செலவைக் குறைக்கவும் வழி உண்டு: டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் திட்டங்களை எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கடைகளில் தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள், பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாற்றுவதென்று முடிவானால், போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்ப வேண்டும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள்கள் ஆகியிருக்க வேண்டும். பதிலாக வரும் குறியீட்டைப் புதிய நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும்; அது தமிழ்நாட்டில் நான்கு நாள்களுக்குச் செல்லும். மாநிலத்துக்குள் மாறுவதற்கு மூன்று வேலை நாள்கள் ஆகும். பழைய சிம்மில் எஞ்சிய தொகை புதிய நிறுவனத்துக்கு வராது என்பதால், ரீசார்ஜ் முடியும் தறுவாயில் செய்வது நல்லது. ஆனால் சிக்னல் அடியோடு நிற்கும் வரை காத்திருக்காதீர்கள். 2018இல் ஏர்செல் முடங்கியபோது, இந்தக் குறியீட்டைப் பெறுவதற்கான எஸ்எம்எஸ்கூட அனுப்ப முடியாமல் தமிழ்நாட்டில் ஏராளமானோர் கடை கடையாக அலைந்தார்கள். அம்மாவின் ஓய்வூதியமும் எரிவாயுப் பதிவும் அந்த எண்ணில் இருந்தால், சிக்னல் இருக்கும்போதே வேலையை முடித்துவிடுங்கள். புதிய சிம் இயங்கத் தொடங்கும் வரை பழைய சிம்மைப் போனிலிருந்து கழற்ற வேண்டாம்.