லினக்ஸ் போர்டு பூட் ஆகும்போது, ‘ஸ்டார்டிங் கர்னல்’ என்ற வரிக்குப் பிறகு சீரியல் கன்சோலில் (போர்டின் செய்திகளைக் காட்டும் திரை) எதுவும் வரவில்லை. போர்டின் வன்பொருளைக் கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில், செய்திகள் எந்த சீரியல் போர்ட்டுக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் ஸ்டட்அவுட்-பாத் சரியாகத்தான் இருக்கிறது. வேறு எங்கே பார்ப்பது?

முதலில் யூ-பூட்டில் (கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர்) பூட்ஆர்க்ஸை, அதாவது அது கர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியைப் பாருங்கள். அதில் ‘கன்சோல்=’ என்று ஏதாவது இருந்தால் கர்னல் அதைத்தான் எடுத்துக்கொள்ளும், ஸ்டட்அவுட்-பாத்தைக் கண்டுகொள்ளாது. டிவைஸ் ட்ரீயின் ‘சோஸன்’ நோடில் நீங்களே பூட்ஆர்க்ஸ் எழுதியிருந்தாலும், யூ-பூட் தன்னிடம் இருப்பதை அதன்மேல் எழுதிவிடும்.

கோவை கணபதியில், நூற்பாலை இயந்திரங்களுக்குக் கண்ட்ரோல் போர்டு செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். எனக்கு இதிலேயே இரண்டு நாள் போனது. டீபக் பின்கள் யுஆர்ட்2-இல் இருந்தன (யுஆர்ட் என்பது சிப்பில் உள்ள சீரியல் போர்ட்). ஸ்டட்அவுட்-பாத்தில் ‘சீரியல்2:115200என்8’. அலையஸும் (போர்ட்டுக்கு டிவைஸ் ட்ரீ தரும் மாற்றுப்பெயர்) சரி, ஸ்டேட்டஸும் ‘ஓகே’. ஆனாலும் திரை கப்சிப். பக்கத்து மேசை அண்ணன் எட்டிப் பார்த்து, “ஏனுங்க தம்பி, பூட் பண்றப்ப எல்லாம் அந்த ஆர்எஸ்485 பக்கம் லைட் மினுக்குதே, அது ஏனுங்க?” என்றார். அது, ஆர்எஸ்485 வழியே மோட்டார் டிரைவுடன் பேசும் யுஆர்ட்0-இன் டிஎக்ஸ் (அனுப்பும்) கோட்டில் இருந்த எல்இடி. பழைய போர்டுக்குச் சேமித்த ‘கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200’ (இங்கே டிடிஒய்எஸ்0 என்றால் யுஆர்ட்0) யூ-பூட்டில் அப்படியே கிடந்திருக்கிறது. கர்னல் அத்தனை வரிகளையும் மோட்டார் டிரைவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது! டிடிஒய்எஸ்2 என்று மாற்றி சேவ்என்வ் (சேமிக்கும் கட்டளை) கொடுத்ததும் எல்லாம் வந்துவிட்டது.

பெயரிலும் கவனம் வேண்டும். டிடிஒய்எஸ் என்பது 8250 வகை யுஆர்ட் டிரைவருக்கு. பிஎல்011 வகை யுஆர்ட் என்றால் டிடிஒய்ஏஎம்ஏ, ஐ.எம்எக்ஸ் சிப் என்றால் டிடிஒய்எம்எக்ஸ்சி. கடைசியில் வரும் எண் பெரும்பாலும் அலையஸைப் பின்பற்றும். சீரியல்0 என்ற அலையஸை யுஆர்ட்2-க்குக் கொடுத்தால், அதுதான் டிடிஒய்எஸ்0.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? பூட்ஆர்க்ஸில் ‘இயர்லிகான்’ என்ற ஒரு சொல்லை மட்டும் சேருங்கள். அது ஸ்டட்அவுட்-பாத்தைப் பார்த்தே போர்ட்டைக் கண்டுபிடித்துக்கொள்ளும், முழு டிரைவர் எழும் முன்பே பேசும். அதில் சில வரிகள் வந்து பாதியில் நின்றால் போர்ட் சரி, கோளாறு அதற்குப் பிறகு. அந்த யுஆர்ட் நோடின் ஸ்டேட்டஸ், பின்கண்ட்ரோல் (எந்தப் பின் எந்த வேலைக்கு என்ற அமைப்பு), கர்னல் கான்ஃபிகில் அந்த டிரைவரின் கன்சோல் ஆப்ஷன், மூன்றையும் பாருங்கள். சிப்புக்குப் பொதுவான எஸ்ஓசி டிவைஸ் ட்ரீ கோப்பில் யுஆர்ட்கள் பெரும்பாலும் ‘டிசேபிள்டு’ என்றே இருக்கும், போர்டு கோப்பில் நாம்தான் திறந்துவிட வேண்டும்.

பார்த்துவிட்டு, யூ-பூட்டில் பிரின்ட்என்வ் கொடுத்தால் வரும் பூட்ஆர்க்ஸ் வரியைக் கமெண்டில் போடுங்க.