தாடையில் நீர்க்கட்டி: குழாய் வைப்பதா, உடனே எடுப்பதா?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. பாம்பனில் விசைப்படகுக்குப் போகிறான். வலது கீழ்த்தாடை லேசாக வீங்கியிருக்கிறது, வலி இல்லை. எக்ஸ்ரேயில் முளைக்காத கடைசிக் கடைவாய்ப் பல்லைச் சுற்றிப் பெரிய நீர்க்கட்டி என்றார்கள். ஒரு டாக்டர் துளை போட்டு மாதக்கணக்கில் குழாய் வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் உடனே எடுத்துவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? கடலுக்குப் போகலாமா?

பதில்: முதலில் பயாப்ஸி, அதாவது கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை, எடுத்தாயிற்றா? எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும் குழியெல்லாம் ஒரே நோய் இல்லை. முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி வரும் சாதாரணக் கட்டி, சுத்தமாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பாது. கெரட்டோசிஸ்ட் என்ற நீர்க்கட்டி வேறு ரகம். முகம் அதிகம் வீங்காமலே எலும்புக்குள் நீளவாக்கில் ஓடும். எடுத்துப் பல வருடம் கழித்தும் மறுபடி முளைக்கலாம். அமிலோபிளாஸ்டோமா என்ற தாடைக் கட்டியும் இதே இடத்தில், இதே மாதிரிதான் தெரியும். அதற்கு வைத்தியமே வேறு.

சாதாரணக் கட்டிதான், சின்னது என்றால் பல்லோடு எடுத்துவிடலாம். பெரிதாகி, கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பை ஒட்டியிருந்தால் நான் குழாய் பக்கம்தான். இது ஒப்புக்குச் செய்யும் வைத்தியம் இல்லை. 1892இலேயே பார்ட்ஷ் என்ற மருத்துவர் எழுதிவைத்த முறை. உள்ளே அழுத்தம் இறங்கியதும் சுற்றிலும் எலும்பு வளர்ந்து குழி சுருங்கும். மிச்சத்தை அப்புறம் எடுப்பது எளிது, நரம்பும் தப்பும். ஆனால் டாக்டர் தரும் சலைனைச் சிரிஞ்சில் ஏற்றித் தினமும் குழாய் வழியாகக் கழுவ வேண்டும். படகில் இருக்கும்போது கடல்தண்ணீரை அள்ளிக் கொப்பளித்தால் போதாதா என்பார்கள். கூடாது.

கடல் விஷயத்தில், தாடையின் கீழ் ஓரத்தில் எவ்வளவு எலும்பு மிச்சமிருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். மெலிந்திருந்தால் வின்ச் கயிறு ஒரு தட்டுத் தட்டினாலே உடையலாம். நைலான் நூலைப் பல்லால் கடித்து அறுப்பதும் வேண்டாம், காய்ந்த கருவாடும் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஆபரேஷனை அப்போது வைத்துக்கொள்ளத் தோன்றும். டாக்டர் சம்மதித்தால் சரி; பயாப்ஸியை மட்டும் அதுவரை தள்ளாதீர்கள்.

எடுத்த குழியில் எலும்புத் தூள் நிரப்பச் சொன்னால், கட்டாயமா என்று கேளுங்கள். சுற்றுச்சுவர் நன்றாக இருந்தால் உறைந்த ரத்தமே மாதங்கள் போகப் போக எலும்பாகிவிடும்.

உதடு மரத்தாலோ, சீழ் வந்தாலோ, கடிக்கும்போது திடீரெனப் பல்வரிசை சேராமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கெரட்டோசிஸ்ட் என்று ரிப்போர்ட் வந்தால், குணமான பிறகும் வருடத்துக்கு ஒரு ஓபிஜி (தாடை முழுவதையும் காட்டும்) எக்ஸ்ரே. பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.