போலிப் பக்கிள்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாணயங்கள் சேகரித்துக்கொண்டிருந்த நான் அண்மையில் ராணுவ பெல்ட் பக்கிள்களின் பக்கம் வந்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் தரைப்படை வீரருடையது என்று ஒரு பக்கிளை விற்க வந்திருக்கிறார்கள். கழுகுச் சின்னமும் ‘காட் மிட் உன்ஸ்’ (கடவுள் நம்மோடு) என்ற வாசகமும் இருக்கின்றன. தோல் பட்டையில் 1942 என்ற முத்திரை. நல்ல கனம். தேய்ந்த இடங்களில் மஞ்சள் தெரிகிறது, காந்தம் ஒட்டவில்லை, பின்பக்கம் தட்டையாக இருக்கிறது. போர்முனையிலிருந்து திரும்பியவரின் குடும்பத்தார் எழுதியதாக ஒரு கடிதமும் உடன் தருகிறார்கள். வாங்கலாமா? போலியை எப்படி அடையாளம் காண்பது?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. ஜெர்மன் தரைப்படையின் சாதாரண வீரர்களுக்கான பக்கிள்கள் 1930-களின் பிற்பகுதியில் பெரும்பாலும் அலுமினியத்தில் வந்தன. போர் நீண்டபோது எஃகுக்கு மாறினார்கள். 1942-ல் எஃகுதான் வழக்கம், அதன்மேல் சாயம். அலுமினியமாக இருந்தால் கனக்காது, எஃகாக இருந்தால் காந்தம் ஒட்டும். உங்கள் பக்கிள் இரண்டிலும் சேரவில்லை. பித்தளைக் கலவையில் பிற்காலத்தில் வார்த்ததாகத்தான் இருக்க வேண்டும்.

தட்டையான முதுகு இதை உறுதி செய்கிறது. அசல் பக்கிளை உலோகத் தகட்டில் அச்சு வைத்து அழுத்தி அடித்தார்கள். முன்னால் கழுகு புடைத்திருந்தால் பின்னால் அதே கழுகு குழிந்திருக்கும். ஆகவே எந்தப் பக்கிளைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பிப் பாருங்கள். போலி செய்பவர் தன் கவனத்தையெல்லாம் கொட்டுவது முகத்தில்தான். கொக்கியை எப்படிப் பற்றவைத்தார்கள், வார் நுழையும் கம்பி எந்தத் தடிமன், முள் எந்தக் கோணத்தில் வளைகிறது என்பதிலெல்லாம் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை ஒரு கைப்பழக்கம் உண்டு. அதைப் பிரதியெடுக்கப் பொறுமை வேண்டும். மலிவான போலிகளில் அது இருப்பதில்லை.

முதல் உலகப் போர்க்காலத்து பிரஷ்ய (அன்றைய ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலம்) பக்கிள்களிலும் இப்படித்தான். தொடக்கத்தில் பித்தளைத் தகட்டின் நடுவே வெள்ளை உலோக வட்டத்தைத் தனியாகப் பொருத்தினார்கள். 1915-க்குப் பின் ஒரே துண்டாக எஃகில் அடித்தார்கள். வட்டத்தின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். தனித்துண்டு என்றால் இணைப்பு தெரியும். ஒன்றாக வார்த்துவிட்டு நடுவில் மட்டும் வெள்ளை முலாம் பூசிய போலியில் அந்தக் கோடு மழுங்கிக் கிடக்கும்.

அதற்காக, வார்த்தது எல்லாமே போலி என்று எண்ணிவிட வேண்டாம். புதிதாகச் சேகரிப்பவர்கள் அடிக்கடி இங்கேதான் தடுமாறுகிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைவீரர்கள் அணிந்த, ‘யு.எஸ்.’ எழுத்துள்ள நீள்வட்ட பக்கிள் மெல்லிய பித்தளைத் தகட்டில் அடித்தது. பின்னால் ஈயம் ஊற்றி அதில் கொக்கிகளைப் பதித்திருப்பார்கள். முழுப் பித்தளையில் ஒரே கட்டியாக வந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் அதே படையின் 1851-ஆம் ஆண்டு மாதிரி வாள்பெல்ட் பக்கிள் வார்ப்புதான். தெற்குப் படையின் பக்கிள்களிலும் பல மணலச்சில் வார்த்தவை, கரடுமுரடானவை. அங்கே முரட்டு வேலைப்பாடு அசலுக்கும் பொருந்தும், போலிக்கும் பொருந்தும். தெற்குப் படை பக்கிள்கள் அரிதானவை. அதனாலேயே அவற்றில் போலிகள் மிகுதி.

அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்த போலியை அளவு காட்டிக்கொடுக்கும். உருகிய பித்தளை ஆறும்போது சுருங்கும். 60 மில்லிமீட்டர் அகலமுள்ள அசலின் பிரதி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறைந்து நிற்கும். வெர்னியர் அளவுகோல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, பள்ளங்களில் காற்றுக்குமிழியின் நுண்துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஒரே மாதிரியான இரண்டு பக்கிள்களைப் பக்கத்தில் வைத்து, அடிபட்ட வடுக்களை ஒப்பிடுவது. அச்சிலேயே விரிசல் இருந்தால் அது எல்லா அசல்களிலும் திரும்ப வரும், அது குற்றமல்ல. ஆனால் ஒரு வீரரின் இடுப்பில் இருந்தபோது ஏதோ கல்லில் மோதி விழுந்த கீறல் இன்னொரு பக்கிளிலும் அதே இடத்தில், அதே நீளத்தில் எப்படி வரும்? ஒன்று மற்றொன்றின் பிரதி, அல்லது இரண்டுமே மூன்றாவதன் பிரதி.

பழமையைப் பூசிவிடுவது எளிது. அமிலமும் அம்மோனியாப் புகையும் ஒரே இரவில் களிம்பேற்றிவிடும். தேய்மானத்தைப் பொய்யாக்குவதுதான் கடினம். வார் உரசும் கம்பி, கொக்கி மாட்டும் விளிம்பு, தினமும் விரல் படும் ஓரம் ஆகியவை தேய்ந்தும் மற்ற இடங்கள் கூர்மையாகவும் இருந்தால் நம்பலாம். எல்லா இடமும் சமமாகத் தேய்ந்து, பள்ளத்தில் மட்டும் கறுப்பு ஏறியிருந்தால் மெருகுச் சக்கரத்தின் வேலை. தோல் பட்டையின் தையலைப் புற ஊதா விளக்கில் பார்த்தால், நவீன நூல் பளீரென்று ஒளிரக்கூடும். பழைய நூலும் இக்கால சலவைத்தூள் பட்டால் ஒளிரும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

அந்தக் குடும்பக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். கடிதம் பக்கிளோடு பிறந்ததல்ல, பின்னால் வந்து சேர்ந்தது. 1960-களில் லண்டனில், ‘டிஃபனி’ என்ற புகழ்பெற்ற அமெரிக்க நகை நிறுவனத்தின் பெயர் பொறித்த அமெரிக்க மேற்கத்திய பாணி பக்கிள்கள் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. அவை அசல் என்று நிறுவ, முன்தேதியிட்ட ஒரு புத்தகத்தையே அச்சடித்துவிட்டார்கள். ஆராய்ச்சியாளர் ஜே. டங்கன் கேம்ப்பெல் 1970-களில் அந்த மோசடியை அம்பலப்படுத்தினார். இன்றும் அந்த பக்கிள்கள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. புத்தகத்தையே பொய்யாகத் தயாரித்தவர்கள் இருக்கும்போது ஒரு தாளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வீரரின் பெயரும் படைப்பிரிவும் இருந்து, அவற்றை ராணுவ ஆவணங்களில் சரிபார்க்க முடிந்தால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு. இல்லையேல் பொருளை மட்டும் பாருங்கள்.

செத்துப்போன ஒரு மனிதரின் பேரில் இல்லாத ஒரு வாழ்க்கையை எழுதி விற்பது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது. ஹிட்லரின் நாஜிக் கட்சிக்குச் சொந்தமான எஸ்.எஸ். படையின் பக்கிள்களுக்கு இருக்கும் மோகம்தான் இந்தத் தொழிலுக்கு அதிகம் தீனி போடுகிறது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். கிழக்கு ஜெர்மனியின் சுத்தியலும் கவராயமும் கொண்ட பக்கிளையோ, சோவியத் நட்சத்திர பக்கிளையோ வாங்கிப் பழகுங்கள். ஏராளமாகத் தயாரானவை என்பதால் போலி செய்வதில் பெரிய லாபம் இல்லை. அச்சில் அடித்த உலோகம் கையில் எப்படி இருக்கும் என்று விரல் கற்றுக்கொள்ளும்.

உங்கள் விற்பனையாளர் அடுத்த முறை வேறு எதையாவது காட்டினால், பின்பக்கத்தையும் கொக்கியின் அடிப்பாகத்தையும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களையும், எடையையும், அகலத்தையும் கேளுங்கள். போலி என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். தந்தால் அந்தப் படங்களை எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்