ஜெனோவாக்காரர் கட்டிய துருக்கியத் தலைப்பாகை

கேள்வி: ‘துருக்கிய ஒற்றன்’ என்ற பதினேழாம் நூற்றாண்டுக் கடித நூலை எழுதியவர் துருக்கியரே அல்லர் என்று அறிந்து ஏமாந்துபோனேன். பிரெஞ்சு அரசவையைக் குறைகூற அயலார் வேடம் எதற்கு? இது கோழைத்தனம் இல்லையா?
— வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: கோழைத்தனம் உண்டு. ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை.

அந்நூலை எழுதிய ஜியோவான்னி பாவோலோ மரானா இத்தாலிய நகரமான ஜெனோவாவில் ஒரு சதி வழக்கில் சிக்கிச் சிறையிருந்து, பின்னர் பாரிஸுக்குப் பிழைக்க வந்தவர். தாம் தங்கிய அறையில் அரபுக் கடிதக் கட்டு ஒன்று கிடைத்ததாகக் கதை கட்டி, 1684இல் முதல் பகுதியை வெளியிட்டார். துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டது அதற்கு முந்தைய ஆண்டுதான். சரக்கு விலைபோகும் வேளை அவருக்குத் தெரிந்திருந்தது.

வேடத்தை நான் குறைசொல்ல மாட்டேன். 1637 முதல் 45 ஆண்டுகள் மொல்தாவியாக்காரன் டைட்டஸ் என்ற பெயரில் பாரிஸில் ஒளிந்து வாழும் நூலின் ஒற்றன் மாஹ்மூத், துருக்கியத் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளில் இருப்பவர்களுக்கு எதையும் விளக்கித்தான் எழுத வேண்டும். பிரான்சின் முதலமைச்சரான ரிஷெல்யூ என்ற மதகுரு போர் நடத்துவதும், கத்தோலிக்க பிரான்சு புராட்டஸ்டன்ட் சுவீடனோடு கைகோத்துக் கத்தோலிக்க ஸ்பெயினை அடிப்பதும் உள்ளூர்க்காரருக்குப் பழகிப்போன அரசியல். அவற்றையே ஒன்றும் அறியாத அயலாருக்கு விளக்கப் புகுந்தால், திட்டாமலே கேலி பிறந்துவிடும். சொந்தப் பெயரில் எழுதும் பிரெஞ்சுக்காரருக்கு இந்த வசதி கிடைக்காது.

மரானாவின் கோழைத்தனம் கடிதங்களின் தேதியில் இருக்கிறது. நூல் அச்சேறியபோது ரிஷெல்யூ இறந்து 42 ஆண்டுகள், அவருக்குப் பின் முதலமைச்சரான மஸாரன் இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. உயிரோடு அரியணையில் இருந்த பதினான்காம் லூயிக்கோ நூலையே காணிக்கையாக்கினார். அரச அனுமதியின்றிப் பாரிஸில் நூல் வெளியிட முடியாத காலம் அது என்பதால் பாதிக் குற்றத்தைத் தள்ளுபடி செய்யலாம். மீதிப் பாதி அவர் கணக்கில்தான் நிற்கும். (ஆங்கிலத்தில் எட்டுத் தொகுதிகளாக, அறுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்களாக அது வளர்ந்தபோது, பிற்பகுதிகளை எழுதியவர் யார் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. நீங்கள் கேட்கும் ‘சொந்தப் பெயர்’ அங்கே யாருடையது?)

வேடம்தான் துணிவைக் கெடுக்கிறது என்றால் பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தெஸ்கியூவை எங்கே வைப்பீர்கள்? 1721இல் வந்த ‘பாரசீகக் கடிதங்க’ளில் அவரும் வேடம்தான் கட்டினார், அட்டையில் பெயர்கூடப் போடவில்லை. ஆனால் அதில் வரும் பாரசீகர் பிரெஞ்சு மன்னரை மாயவித்தைக்காரர் என்கிறார். லூயி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன, அதில் ஆபத்தில்லை என்பீர்கள். அதே கடிதத்தில் மன்னரை விடப் பெரிய மாயவித்தைக்காரர் என்று போப்பையும் சொல்கிறார். ரோமில் அந்தப் பீடம் காலியாகக் கிடக்கவில்லை.