கார்த்திகை பிறந்தால் கருப்பு வேட்டிக்கு எங்கே போவீர்கள்?

கேள்வி: எனக்கு 54 வயது. தண்டையார்பேட்டை. கணவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகன், 29 வயது, கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். குடி, சிகரெட் கிடையாது, சம்பளத்தை என் கையில் கொடுத்துவிடுவான். ஆனால் ரெண்டு வருஷமாகச் சாமி இல்லை என்கிறான். கூட வேலை பார்க்கும் கட்சிக்காரப் பசங்கள் கெடுத்துவிட்டார்கள். ஆடிக்குக் கூழ் ஊற்றினால் அண்டா தூக்க வருகிறான், கும்பிடச் சொன்னால் நகர்ந்துவிடுகிறான். கல்யாணத்துக்கு ஐயரும் வேண்டாமாம், அப்படிச் செய்தால் செல்லுமா? சாமி பயம் இல்லாதவனுக்குப் பாவ பயம் எங்கிருந்து வரும்? நாளைக்கு எனக்குக் கொள்ளி வைப்பானா? திருவொற்றியூரில் பெண் பார்த்திருக்கிறோம், ஆவணியில் நிச்சயதார்த்தம், தையில் கல்யாணம். அவர்கள் ரொம்ப பக்தியான குடும்பம் என்பதால், வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுவான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இவனோ உண்மையைச் சொல்லிவிடும்மா என்று தினமும் நச்சரிக்கிறான். இவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தை நான் எத்தனையோ கையெழுத்தில் படித்துவிட்டேன். 'ஒரு கஷ்டம் வந்தால் தானாகக் கும்பிடுவான்' என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. பெற்ற பிள்ளைக்குக் கஷ்டம் வரட்டும் என்று காத்திருப்பதெல்லாம் ஒரு ஆறுதலா?

முக்கால் கடிதம் மகனைப் பற்றிப் புலம்பிவிட்டு, கறிவேப்பிலைக் கொசுறு மாதிரி ஒரு வரி போட்டிருக்கிறீர்கள், மாலை போடுவான் என்று சொல்லி வைத்திருப்பதாக. நான் அந்த வரியை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பொய்யைச் சொன்னது யார்? சாமி இல்லை என்கிறவனா? தினமும் விளக்கேற்றுகிற நீங்கள். அதுவும் ஐயப்பன் பேரில். பாவ பயம் எங்கிருந்து வரும் என்று என்னைக் கேட்கிறீர்களே, உங்கள் வீட்டில் அது யாரிடம் இருக்கிறது என்று நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நிச்சயம் முடிந்து மூணாம் மாசம் கார்த்திகை பிறந்துவிடும். சம்பந்தி போன் செய்து, மாப்பிள்ளை எந்தக் குருசாமியிடம் மாலை போடுகிறார், இருமுடி கட்டுக்கு நாங்களும் வருகிறோம் என்பார். ஒரு மண்டலம், 41 நாள், கருப்பு வேட்டி, செருப்பில்லாத கால். அவனை அந்த வேஷத்தில் நிறுத்துவீர்களா, இல்லை இந்த வருஷம் தீட்டு என்று யாரையாவது சாகடிப்பீர்களா? குடியை மறைத்துச் செய்த கல்யாணம், வேலையை மறைத்துச் செய்த கல்யாணம், இவற்றிலிருந்துதான் எனக்கு அதிகக் கடிதம் வருகிறது. அவனோடு வாழப்போவது அந்தப் பெண். அவளிடம் மறைப்பதற்கு உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, பெற்ற தாயாக இருந்தாலும் சரி.

நானும் கும்பிடுகிறவள்தான், பௌர்ணமிக்கு வடிவுடையம்மனைப் பார்க்காவிட்டால் எனக்கு அந்த மாசம் ஓடாது. ஆனால் வளர்ந்தது நாத்திகர் வீட்டில். அப்பா பெரம்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் இருந்தார். மில் மூடி வேலை போனபோதும் ஒரு நேர்த்திக்கடன் வைத்தவரில்லை, அதனால்தான் அந்த 'கஷ்டம் வந்தால்' பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆயா செத்தபோது எனக்குப் பத்து வயசு, பொம்பளைப் பிள்ளை வரக்கூடாது என்று தடுத்தும் சித்தப்பா பின்னாலேயே மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு ஓடிவிட்டேன். அப்பா மண்பானையைத் தோளில் வைத்துக்கொண்டு மூணு சுற்று வந்தார், சுற்றுக்கு ஒரு ஓட்டை போடப் போட, தண்ணி முதுகில் ஒழுகி வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. உனக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையே என்று யாரோ குத்தினார்கள். "எங்கம்மா கேட்டாங்க, செய்றேன், இதுல சாமி எங்க வந்துச்சு?" என்றார். தனக்கு மட்டும் அது வேண்டாமென்று உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார், கண்ணையும் சேர்த்து. ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும் என்பதால், மாரில் அடித்துக்கொண்டு அழுத அம்மா பாதியில் நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, முதலில் போன் பண்ணுங்கடா என்றாள். அம்மா கடைசிவரை குங்குமம் வைத்துக் கும்பிட்டவள். கொள்ளி வைப்பானா என்று என்னைக் கேட்பதற்குப் பதில் அண்டா தூக்க வருகிறவனையே கேளுங்கள். என்ன சொல்வான் என்று உங்களுக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

நாத்திகன் என்றதும் சாமியைத் திட்டுகிறவன் என்று ஒரு படம் வைத்திருக்கிறோம். திட்டுகிறவர்களும் உண்டு, திருநீறு பூசிக்கொண்டு ஊரைத் திட்டுகிறவர்களும் உண்டு. கடவுள் இருக்கிறார் என்று நம்ப எனக்குக் காரணம் போதவில்லை என்கிறவன் நாத்திகன், அந்த வார்த்தைக்குள் அதற்கு மேல் எதுவும் இல்லை. நல்லவனா, கஞ்சனா, யாருக்கு ஓட்டு போடுகிறான் என்பதையெல்லாம் வேறு இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். சயின்ஸ்தான் அவன் சாமி என்றும் சொல்வார்கள். சயின்ஸுக்கு யாரும் சூடம் காட்டிப் பார்த்ததில்லை, நேற்றுச் சொன்னது தப்பென்று தெரிந்தால் இன்றைக்கு மாற்றிக்கொள்கிற சமாச்சாரம் அது.

அப்புறம் இந்தக் கட்சிக்காரப் பசங்கள். 1880-களிலேயே இதே சென்னையில் சில பேர் சேர்ந்து 'தத்துவ விவேசினி' என்று தமிழில் பத்திரிகை நடத்தி, கடவுள் உண்டா என்று கேள்வி கேட்டிருக்கிறார்கள். பெரியார் பிறந்ததே 1879-ல், அவர் அப்போது சின்னப் பையன். நம் கடற்கரைச் சனத்தில் ஆள் வேண்டுமென்றால் சிங்காரவேலர் இருக்கிறார், மீனவர் வீட்டுப் பிள்ளை, 1923-ல் இந்தியாவிலேயே முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் நடத்தியவர், பெரியாரின் 'குடி அரசு' பத்திரிகையில் அறிவியலும் பகுத்தறிவும் எழுதினவர். உங்கள் பையன் புதுசாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, யாரும் பிடித்து இழுக்கவும் தேவையில்லை, யோசிக்கிற ஆளுக்கு அந்தக் கேள்வி தானாகவே வரும். எனக்கும் வந்தது, நான் வேறு பக்கம் போனேன்.

ஐயர் இல்லாத கல்யாணம் செல்லும். 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள், சொந்தபந்தம் முன்னால் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ செய்துகொள்ளலாம், அதற்கு முன் நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களும் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ஐயர் வேண்டுமா வேண்டாமா என்று உங்கள் மகன் தனியாக முடிவு செய்ய முடியாது, பெண்ணுக்கும் அதில் பாதி உண்டு. இதை அவனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அவன்மேலும் எனக்குக் கோபம்தான். 29 வயசு ஆள், கையில் போன் இருக்கிறது, அம்மாவை நச்சரிக்கிற நேரத்தில் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

வழிக்குக் கொண்டுவர வேண்டியது அவனை இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே, நிச்சயத்துக்குப் பாத்திரக் கடை ஏறுவதற்கு முன்னால், அவனையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். மெட்ரோ ஏறினால் திருவொற்றியூர்த் தேரடி பத்து நிமிஷம். பெண்ணையும் கூடத்தில் உட்கார வைக்கச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். மகன் முந்திக்கொண்டு ஆரம்பித்தால் நிறுத்துங்கள், பொய் சொன்னது நீங்கள், முதலில் வாயைத் திறக்க வேண்டியதும் நீங்கள். அவள் வேண்டாம் என்றால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.