பணி முடிந்த தூதர் மீது வழக்குத் தொடர முடியுமா?

கேள்வி: குற்றம் சாட்டப்பட்ட தூதர், பணிக்காலம் முடிந்த பின்னும் சட்டப் பாதுகாப்பைக் காட்டித் தப்ப முடியுமா?

பதில்: எல்லாவற்றிலிருந்தும் தப்ப முடியாது. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, பதவியிலிருக்கும் தூதரைக் குற்ற வழக்குகளிலிருந்து முற்றாக விலக்கி வைக்கிறது. ஆனால் அதன் 39ஆவது பிரிவின்படி, பணி முடிந்து அவர் நாட்டைவிட்டு வெளியேறியதும், அல்லது வெளியேறுவதற்கான நியாயமான அவகாசம் கழிந்ததும், அந்த விலக்கு அலுவல் கடமையாகச் செய்த செயல்களுக்கு மட்டுமே நீடிக்கிறது.

இதற்குத் தெளிவான உதாரணம் தேவயானி கோப்ரகடே வழக்கு. நியூயார்க் இந்தியத் துணைத் தூதரகத்தில் பணியாற்றிய அவர், வீட்டுப் பணிப்பெண்ணின் விசா விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தந்ததாக 2013 டிசம்பரில் கைதானார் (குற்றச்சாட்டை அவர் மறுத்தார்). துணைத் தூதரக அதிகாரிகளுக்கு அலுவல் செயல்களுக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு என்பதால், இந்தியா அவரை ஐ.நா. தூதுக்குழுவுக்கு மாற்றியது; 2014 ஜனவரி 8 அன்று அவருக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்தது. மறுநாள் பதிவான குற்றப்பத்திரிகையை, அன்று பாதுகாப்பு நடைமுறையில் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக மார்ச் 12 அன்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்குள் அவர் இந்தியா திரும்பியிருந்ததால், இரண்டே நாளில் அதே குற்றச்சாட்டுகள் புதிதாகப் பதிவாயின.

ஆயினும், சொந்த நாட்டுக்குத் திரும்பியவரை அந்நாடு ஒப்படைக்காதவரை, இத்தகைய வழக்கு பெரும்பாலும் ஏட்டளவிலேயே நிற்கும்.