பெரிய பாக்கெட் வாங்கினால் எப்போதும் லாபமா? கடையில் நின்றபடியே எப்படிக் கண்டுபிடிப்பது?

எப்போதும் இல்லை. சலுகை போட்டிருக்கும்போது சின்ன பாக்கெட் பெரியதைவிட மலிவாகிவிடுவது சகஜம். கிலோவுக்கோ லிட்டருக்கோ எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

பெரும்பாலும் கால்குலேட்டர்கூட வேண்டாம். 500 கிராம் என்றால் விலையை 2-ஆல் பெருக்குங்கள். 250 என்றால் 4, 200 என்றால் 5, 125 என்றால் 8. கிலோ விலை வந்துவிடும். 340, 475 மாதிரி எடைகளுக்கு மட்டும் போனை எடுத்து, விலையைக் கிராமால் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். இப்படி முழுமையில்லாத எடையைப் பார்த்தாலே கொஞ்சம் உஷாராக இருங்கள். விலையைத் தொடாமல் எடையைக் குறைத்திருக்கலாம். 500 கிராம் 450 ஆனால், விலை 11 சதவீதம் ஏறியதற்குச் சமம்.

கணக்கு அதிகம் பிசகுவது அலகில்தான். அலமாரிச் சீட்டில் ஒன்றுக்கு 100 கிராம் விலையும் பக்கத்தில் இருப்பதற்குக் கிலோ விலையும் போட்டிருப்பார்கள். எண்ணெயில் இன்னும் சிக்கல்: ஒரு பாட்டிலில் 1 லிட்டர், இன்னொன்றில் 1 கிலோ. சமையல் எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, லிட்டருக்குச் சுமார் 910 கிராம்தான் இருக்கும். ஆகவே லிட்டர் விலையை 0.91-ஆல் வகுத்துக் கிலோ விலையாக்கிய பிறகே ஒப்பிடுங்கள். டின் உணவின் நிகர எடையில் உப்புநீரும் சேர்ந்திருக்கும். வடித்த எடை தனியாக அச்சிட்டிருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். சலவைத் திரவத்துக்கு லிட்டர் கணக்கு உதவாது, ஒரு சலவைக்கு எத்தனை மில்லி என்று பார்த்து, ஒரு சலவைக்கு எவ்வளவு விலை விழுகிறது என்று கணக்கிட வேண்டும்.

'20 சதவீதம் கூடுதல் இலவசம்' என்பது 20 சதவீதத் தள்ளுபடி அல்ல, 16.7 சதவீதம்தான். 'இரண்டாவது பாதி விலை' என்றால் 25 சதவீதம், அதுவும் இரண்டுமே உங்களுக்குத் தேவைப்பட்டால்.

பலரும் கோட்டைவிடுவது வீணாகும் பங்கை. பெரிய பாக்கெட்டின் கிலோ விலை 20 சதவீதம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு கெட்டுப்போனால் லாபம் பூஜ்யம்; அதற்கு மேல் போனால் நஷ்டம். அதனால் உப்பு, சர்க்கரை, சோப்பைத் தாராளமாகப் பெரிதாக வாங்குங்கள். கொட்டைப் பருப்புகள், முழுத்தானிய மாவு, எண்ணெய் எல்லாம் திறந்தபின் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். அவற்றில் சில வாரங்களுக்குள் தீருகிற அளவே சரி.

எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்கு தேவையில்லை. மாதச் செலவில் பெரும்பங்கை விழுங்கும் பத்துப் பொருட்களின் கிலோ விலையைப் போனில் குறித்து வைத்தால் போதும். அடுத்த முறை சலுகை அட்டையைப் பார்த்ததும் அந்த எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.